ஈட்டி வரிசையின் இடப்பக்கம்

பழங்காலப் போர் விளையாட்டுகளில் ஈட்டிக்காரரைத் தெரிவு செய்கிறவர்கள் பொறுமைசாலிகள் என்று ஒரு கதை இருக்கிறது. அது பெரிய பொய். நாங்கள் சோம்பேறிகள். குதிரைக்காரரை வைத்து விளையாடுகிறவருக்கு ஒரு நிமிடமும் கை ஓயாது. இங்கே ஓடவேண்டும், அங்கே திருப்பவேண்டும், அடித்த கையோடு விலகவேண்டும். ஈட்டிக்காரரை ஒழுங்காக நிறுத்திவிட்டால் பிறகு தேத்தண்ணி குடிக்கலாம். வருகிறவன் தானாக வந்து குத்துப்படுவான். என் குணத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது.

விளையாட்டு என்னுடையதல்ல, அண்ணனுடையது. உடப்பில் எங்கள் வீட்டு முன்னறையில், அலுமாரிக்குப் பக்கத்தில், பெரிய கொம்பியூட்டர் ஒன்றைப் பொருத்தி வைத்து விளையாடிக்கொண்டிருந்தவர், இத்தாலிக்குப் போனபோது அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். "உப்புக் காத்து. சும்மா வச்சா பழுதாப் போகும். இடைக்கிட போட்டு எடு" என்றார். நான் முந்தலில் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். வேலை விட்டு பஸ்ஸில் வந்து, முகம் கழுவி, பழுதாகாமல் பார்த்துக்கொள்ளப் போய், கடைசியில் அண்ணனைவிட நன்றாக விளையாடப் பழகிவிட்டேன். அவர் இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

நீள ஈட்டி வரிசை கிரேக்கத்துப் பக்கத்துக் காரியம். ஒவ்வொருவன் கையிலும் மூன்று ஆள் உயரத்துக்கு ஓர் ஈட்டி. முன்வரிசைகளில் நிற்கிறவர்கள் அதைப் படுக்கையாக நீட்டிப் பிடிப்பார்கள், பின்னால் நிற்கிறவர்கள் நிமிர்த்திப் பிடிப்பார்கள். முன்பக்கத்தால் யாரும் கிட்ட வரமுடியாது. ஆனால் அவர்களை வைத்திருக்கத் தெரியவேண்டும். புதியவர்கள் எதிரியைக் கண்டதும் "ஓடிப்போய் அடி" என்று கட்டளை கொடுப்பார்கள். ஓடினால் வரிசை கலையும். கலைந்த ஈட்டிக்காரனைப் போலப் பாவப்பட்ட பிறவி அந்த விளையாட்டில் வேறு கிடையாது. நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் சமதரையில். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் ஆள் புகுகிற அளவுக்கு இடம் விடக்கூடாது. எதிரி பின்வாங்கினாலும் துரத்தாதே, நின்ற இடத்தில் நில் என்று சொல்வதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை முதலிலேயே அழுத்திவிட வேண்டும்.

மற்றது பக்கவாட்டு. அவ்வளவு நீள ஈட்டியைச் சட்டென்று திருப்ப ஏலாது. பக்கத்தால் ஒருவன் வந்து சேர்ந்துவிட்டால், முன்னால் மலை மாதிரி நின்ற அதே ஆட்கள் சந்தையில் தொலைந்த பிள்ளைகளைப் போல நிற்பார்கள். ஆகவே ஒரு பக்கத்தை ஆற்றோடு ஒட்டி நிறுத்தி, மறுபக்கத்துக்குக் குதிரையோ கேடயக்காரரோ காவல் போடவேண்டும். ஈட்டி வரிசையின் வேலை கொல்வதல்ல, பிடித்து வைத்திருப்பது. கொல்லுகிற வேலையைப் பின்பக்கத்தால் சுற்றி வருகிற குதிரை பார்த்துக்கொள்ளும். இது விளங்காதவர்கள் ஈட்டிக்காரரால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று இணையத்தில் எழுதித் திரிவார்கள். அவர்களோடு நான் வாக்குவாதப்படுவதில்லை. விளையாட்டுக்கு அழைத்துத் தோற்கடித்துவிட்டுப் போய்விடுவேன்.

எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். முறையாகப் பார்த்தால் அதற்குச் சில வருடங்கள் முந்தியே தொடங்கியிருக்க வேண்டும், படிப்பு, வேலை என்று தள்ளிக்கொண்டு வந்தது. வந்த இடங்களில் எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சேலை உடுத்துவேன், தட்டில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன், கேட்டதற்கு நல்ல மாதிரிப் பதில் சொல்வேன். பிறகு கொஞ்சம் நேரம் வேண்டும் என்பேன். அவர்கள் பொறுத்திருந்து கேட்டால் இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பேன். எந்த மாப்பிள்ளை வீடும் எத்தனை நாளைக்கு நிற்கும்? அவர்களாகவே களைத்துப்போய் வேறு இடம் பார்ப்பார்கள். ஊரில் சாதகம் பொருந்தவில்லை என்று கதை வரும். யார் மேலும் குற்றமில்லை, யார் முகத்திலும் அடிக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், கலியாணத்தின் மேல் வெறுப்பென்று சொல்லமுடியாது. முன்பின் தெரியாத ஒருவர் கிட்ட வருவது எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. முன்னேஸ்வரத்தில் இருந்து ஓர் இடம் வந்தபோது, அடுப்படியில் வைத்து அம்மா மெதுவாகச் சொன்னார்.

"இதுக்குப் பிறகு நான் ஆரிட்டயும் போய்க் கேக்க மாட்டன் புள்ள. எனக்கு முகம் இல்ல. இதையும் நீ அப்பிடியே இழுத்துக் கொண்டுபோய் விட்டியென்டா, பிறகு உன்ட பாடு."

அம்மா சும்மா மிரட்டுகிறவர் அல்ல. கடைசி என்றால் கடைசிதான்.

மாப்பிள்ளை நில அளவையாளர், சிலாபத்துப் பக்கம் வேலை. பொம்பிளை பார்க்க வந்த அன்று தன் அக்காவோடும் அத்தானோடும் வந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்தவர் என்னைப் பார்ப்பதற்கு முதல் அலுமாரிப் பக்கம் இருந்த கொம்பியூட்டரைப் பார்த்தார். அம்மா அதன் மேல் பூப்போட்ட துணி ஒன்று விரித்துத் தெய்வத்தைப் போல மூடி வைத்திருந்தார். துணிக்கு வெளியே மவுஸ் மட்டும் தெரிந்தது, பக்கங்களில் பொத்தான் வைத்த மவுஸ்.

"இதில ஆர் விளையாடுறது?" என்று கேட்டார்.

"மகன்ட" என்றார் அம்மா அவசரமாக. "அவர் இத்தாலியில."

"நான்தான் விளையாடுறன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. என்ன விளையாட்டு என்று கேட்டார், சொன்னேன். எந்தப் படை என்று கேட்டார். ஈட்டிக்காரர் என்றேன். அவருடைய அக்கா பலகாரத் தட்டைக் கையில் வைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இடப்பக்கத்த ஆர் பாத்துக்கிறது?" என்றார் மாப்பிள்ளை.

பொம்பிளை பார்க்க வந்த வேறு யாரும் என்னிடம் இப்படி ஒரு நல்ல கேள்வி கேட்டதில்லை. சமைப்பீங்களா, சிங்களம் தெரியுமா, இடமாற்றம் எடுக்கலாமா என்றுதான் கேட்பார்கள்.

இரண்டு வீட்டாரும் கதைத்து, பிள்ளைகள் கொஞ்ச நாள் போனில் கதைக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். நாங்கள் கதைப்பதற்குப் பதிலாகச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் விளையாடினோம். அவர் சிலாபத்தில் தன் லாப்டொப்பில், நான் உடப்பில் முன்னறையில், காதில் ஹெட்போன். அம்மா காவலுக்காக அதே அறையில் பாயில் இருந்து கூனி புடைப்பார். கூனி என்றால் தெரியும்தானே, காய்ந்த சின்ன இறால், அதில் இருக்கிற தூசியும் சிப்பியும் ஒரு நாளும் முடியாது. காவல் இருப்பதற்கு அதைவிடத் தோதான வேலை இல்லை. இடையில் "ஆர் வெல்லுறது?" என்று கேட்பார். நான்தான் என்றால் திருப்தியும் வராது, கவலையும் வராது, புடைப்பதைத் தொடர்வார்.

நான்தான் வென்றுகொண்டிருந்தேன். முதல் சனிக்கிழமை வென்றபோது சந்தோஷமாக இருந்தது. அடுத்ததிலும் வென்றேன். அதற்கடுத்த ஆட்டத்தில் அவர் தன் கனத்த குதிரைப் படை முழுவதையும் நேரே கொண்டுவந்து என் ஈட்டி வரிசையின் நடுவில் மோதவிட்டார். நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். இந்த விளையாட்டை ஒரேயொரு நாள் விளையாடியவன்கூட அதைச் செய்யமாட்டான். இடப்பக்கத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்ட மனிதர் அதைச் செய்யவே மாட்டார்.

"நீங்க வேணுமென்டு தோக்கிறீங்க" என்றேன்.

"ஓம்" என்றார். "அக்கா சொன்னா, வெல்ல விட்டாத்தான் பொம்பிளைக்கு விருப்பம் வரும் என்டு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவருடைய அக்கா மேல் இல்லை, அவர் மேல். நான் கவனமாக வரிசையை நேராக்கி, இடைவெளியை அடைத்து, ஆற்றங்கரை பார்த்து நிறுத்தி, இத்தனையும் செய்ய, அவர் சின்னப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது போல விட்டுக்கொடுத்திருக்கிறார். வென்றதெல்லாம் பொய்யாகப் போயிற்று. தலையிடி என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழும்பினேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் இதைச் சொன்னேன். அவர் புத்தளத்தைத் தாண்டிக் கரைத்தீவில் இருந்து வருகிறவர், என்னைவிட மூத்தவர், பிள்ளைகள் பெற்று வளர்த்தவர். என் கலியாணப் பேச்சுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"அடி புள்ள" என்றார். "எங்கூட்டு மனுசன் கேரம் போட்ல கூட எனக்கு ஒரு காய் விட்டுத் தந்ததில்ல. நீ இதுக்குப் போய்க் கோவிக்கிற."

"எனக்கு விட்டுத் தரவேண்டாம்."

"சரி, இப்ப என்ன செய்யப்போற?"

"பாப்போம்" என்றேன்.

"இந்தப் பாப்போம்தான் உனக்கு வந்த நோய். அல்லாஹ்தான் உனக்கு ஷிஃபாவத் தரணும், சொகமாக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

அவர் சொன்னது சரி. அந்தக் கிழமை முழுக்க நான் என் வழக்கமான வேலையைத் தொடங்கிவிட்டேன். மாப்பிள்ளை குறுஞ்செய்தி அனுப்பினால் மரியாதையாகப் பதில் போடுவேன், ஆனால் நேரம் கழித்து. வேலை கூட என்பேன். பஸ்ஸில் நிற்கிறேன், வீட்டுக்குப் போய்க் கதைக்கிறேன் என்பேன், கதைக்கமாட்டேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "நாளைக்கு உண்மையா விளையாடுவம். ஒருக்கா மட்டும்." மன்னிப்பும் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. என் சோம்பேறித்தனத்தோடு கூடவே எனக்குக் கொஞ்சம் வீம்பும் இருக்கிறது. வரச் சொல்லி எழுதினேன்.

அன்று கிடைத்த களம் ஈட்டிக்காரருக்கென்றே செய்தது போல இருந்தது. சமதரை, வலப்பக்கம் ஆறு. வரிசையின் வலது முனையை ஆற்றோடு ஒட்டி வைத்தேன். நடுவில் அனுபவமுள்ள ஆட்களை ஆழமாக நிறுத்தினேன். இடது முனையில் இன்னொரு ஈட்டிக் கூட்டம், அதற்கப்பால் என் குதிரை. துரத்தாதே பொத்தானை அழுத்தினேன். அவர் வரவில்லை. தூரத்தில் நின்றுகொண்டு கவண்காரரை மட்டும் அனுப்பினார். அவர்கள் கல்லெறிந்துவிட்டு ஓடினார்கள், திரும்பி வந்து எறிந்தார்கள். என் குதிரையை அனுப்பி அவர்களைக் கலைத்தேன். அவருடைய சின்னக் குதிரைக் கூட்டம் ஒன்று முன்னால் வந்து என் குதிரையை இழுத்துக்கொண்டு தூரத்துக்குப் போய்விட்டது. கற்கள் விழுவது நிற்கவில்லை, எல்லாம் இடது முனையில். அங்கே ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் செய்கிற ஒன்றைச் செய்தேன். இடது முனையைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், பின்னுக்கு வரச்சொன்னேன்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பா கரைவலைக்காரர். கடலில் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் இரண்டு கூட்டமாக நின்று கயிறு இழுப்பார்கள். இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்தபடியேதான் பின்னுக்கு வருவார்கள். குதிக்கால் மணலில் புதையும், உடம்பு சாய்ந்திருக்கும், முகம் மட்டும் திரும்பாது. யாரும் முதுகைக் காட்டி நடப்பதில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பின்னுக்குப் போவதென்றால் எனக்கு அதுதான். ஆனால் விளையாட்டில் அப்படி இல்லை. பின்னுக்கு வா என்றால் ஈட்டிக்காரர்கள் ஈட்டியை நிமிர்த்திவிட்டு, முதுகைத் திருப்பி, சும்மா நடந்து வருவார்கள். இது எனக்குத் தெரியும். எத்தனையோ தரம் பட்டிருக்கிறேன். அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. நெருக்குவாரம் வந்தால் என் கை அந்தக் கட்டளையைத்தான் கொடுக்கும்.

முதுகுகள் திரும்பிய அந்த நேரம் பார்த்து, மரங்களுக்குப் பின்னால் இருந்து அவருடைய கனத்த குதிரைப் படை வந்தது. அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. இடது கூட்டம் ஈட்டியைத் தாழ்த்த முதலே இல்லாமல் போயிற்று. பிறகு அவர் வரிசையின் பின்பக்கமாக, ஆற்றை நோக்கி, அவசரப்படாமல் வந்தார். என் ஆட்கள் முன்பக்கம் வெறும் வெளியைப் பார்த்து ஈட்டி நீட்டியபடி நின்று, ஒரு கூட்டத்துக்குப் பின் ஒரு கூட்டமாக விழுந்தார்கள். ஆறு எங்களைக் காக்கவில்லை, ஓடவும் விடவில்லை.

"ஆர் வெல்லுறது?" என்றார் அம்மா.

"அவர்" என்றேன். அம்மா சுளகை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் வெளியில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டது. அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வென்ற சந்தோஷத்தைக் காட்டவில்லை. நான்தான் கதையைத் தொடங்கினேன்.

"நான் இடப்பக்கத்தப் பின்னுக்கு எடுப்பன் என்டு எப்பிடித் தெரியும்?"

"எல்லா ஆட்டத்திலயும் எடுத்தீங்க" என்றார். "நான் வேணுமென்டு தோத்த ஆட்டங்கள்லயும் எடுத்தீங்க. கொஞ்சம் நெருக்கினாப் போதும். முகத்தத் திருப்பாமப் பின்னுக்குப் போகலாம் என்டு நினைக்கிறீங்க."

தோற்ற வெட்கம் இருந்தது. அதைவிடப் பெரியதாக வேறொன்று இருந்தது. தோற்றுக்கொண்டிருந்த ஆட்டங்களில்கூட இந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்னை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. நல்ல புள்ள, அடக்கமான புள்ள என்று சொன்னவர்கள் யாரும் பார்த்துச் சொன்னதில்லை. நான் கரைவலைக் கதையை அவருக்குச் சொன்னேன். அப்பாவையும், கயிற்றையும், மணலில் புதைகிற குதிக்காலையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அவங்கட கையில கயிறு இருக்கு" என்றார். "அதால அப்பிடிப் போகலாம். நீங்க கயிறும் இல்லாமப் போறீங்க."

நான் மவுஸைத் தள்ளி வைத்தேன்.

"ஒன்டு சொல்லட்டா?" என்றார். குரல் மாறியிருந்தது. "இந்தக் கிழமை நீங்க கதைச்ச மாதிரிய வச்சு எனக்கு விளங்குது. உங்களுக்கு இது வேணாம் என்டா இப்பவே சொல்லுங்க, நேரம் வேணும் என்டு மட்டும் சொல்லாதீங்க. வீட்டில நான் கதைக்கிறன். எனக்கு இப்ப கலியாணம் கட்டுற எண்ணம் இல்ல, அக்காதான் அவசரப்பட்டா என்டு சொல்றன். பேச்சு எனக்குத்தான் விழும். உங்கட அம்மாவுக்கு ஒரு குறையும் வராது."

"இதுவும் வேணுமென்டு தோக்கிறதா?" என்று கேட்டேன்.

சிலாபத்தில் அவருடைய அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் ஹெட்போனில் கேட்டது.

"இல்ல" என்றார். "இதில தோத்தா நான் உண்மையாத்தான் தோக்கிறன்."

எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அவர் சரி என்றிருப்பார், சொன்னபடி பழியையும் ஏற்றிருப்பார், எல்லாம் மரியாதையாக முடிந்திருக்கும். ஊரில் சாதகம் பொருந்தவில்லை என்றிருப்பார்கள். அம்மா மீன் சட்டியோடு உள்ளே வந்தார்.

"அம்மா" என்றேன். "எனக்கு இவரப் பிடிச்சிருக்கு. இவரையே கட்டி வைங்க."

ஹெட்போன் காதில்தான் இருந்தது. அதில் இப்போது மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவர் அதை நிறுத்திவிட்டிருந்தார். அம்மா சட்டியைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பை எடுத்துக் கையைத் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.